கத்தரிக்கோலைக் கீழே வைப்போம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. பரீட்சைக் காலத்தில் கண்விழித்துப் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் போதெல்லாம் இந்தப் பழமொழியை வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சித்திரம் இருக்கும்போதே சுவரை இடித்தவர்களும் உண்டு. அவர்கள் வேறு யாருமல்லர். இக்கட்டுரையை எழுதும் நாங்களேதாம். எங்கள் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு எங்கள் கருத்தைக் கூறுகிறோம்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது ஓவியக் கண்காட்சி ஒன்று நடந்தது. எங்கள் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு, இத்தாலிய நாட்டு ஓவியர்கள். படங்களுக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டுக் கொண்டிருந்தோம். அப்போது எங்களுள் ஒருத்தியின் தந்தையார், பழைய பேப்பர் கடையிலிருந்து பெரிய நூல் ஒன்றை நாற்பது ரூபாய்க்கு வாங்கி வந்து தந்தார். முதுகு கிழிந்து, தூசி படிந்து, மக்கிய வாடை வீசியது அது. உள்ளே திறந்தால் கண்கொள்ளாக் காட்சி! முரட்டுத் தாளின் மீது, வழவழப்பான தனித்தாளில் அச்சிட்ட வண்ணப் படங்கள், மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தன. இழுத்தால் கையோடு வந்தன. மூன்று படங்களை இழுத்தோம். கத்தரிக்கோலால் ஓரங்களைச் சீர்செய்தோம். சார்ட் அட்டையில் கோந்து தடவி ஒட்டினோம். முதற் பரிசும் பெற்றோம்.

கண்காட்சி முடிந்ததும் நூலகப் பொறுப்பில் இருந்த சகோதரி எங்களை அழைத்து, “இந்தப் படங்கள் எங்கே கிடைத்தன?” என்று கேட்டார். பெருமையோடு நூலைக் கொண்டுபோய் நீட்டினோம். அவர் முகப்புப் பக்கத்தைப் புரட்டினார். படங்களின் பட்டியல் ஒன்று அங்கே இருந்தது. “எண்ணுங்கள் பார்க்கலாம்” என்றார். பட்டியலில் இருந்தவை 24. நூலில் இருந்தவை 21. “இருபத்து நான்கு பேர் குடியிருந்த வீட்டில் மூன்று பேரைக் காணோமே, யாரிடம் போய்க் கேட்பேன்?” என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்போம்.

சார்ட் அட்டையிலிருந்து படங்களைப் பிரித்தெடுக்க முயன்றோம். ஒன்று இரண்டாகக் கிழிந்தது. மற்ற இரண்டின் முதுகிலும் கோந்து ஆறாத புண்ணாக நின்றுவிட்டது. இன்று அம்மூன்றும் ஓர் உறையில், அந்த நூலின் பின்னட்டைக்குள் இருக்கின்றன. அந்த நூலை எங்கள் வகுப்பு பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டது. அன்று தொடங்கிய குற்ற உணர்ச்சிதான், பழைய ஓவிய நூல்களையும் புகைப்பட நூல்களையும் தேடிப் பார்க்கும் ஆர்வமாக எங்களுள் வளர்ந்தது. எங்கள் கருத்து இதுதான்: பழைய படநூல்களைச் சேர்ப்பது மிக நல்ல பழக்கம், ஆனால் சேர்ப்பவர் அதற்கு முதலாளி ஆகிவிடுவதில்லை. அடுத்துப் பார்க்க வருபவருக்காக அதைக் காக்கும் பொறுப்பே அவருக்கு வருகிறது.

படத்தைத் தனித்தாளில் அச்சிட்டு ஏன் ஒட்டினார்கள் என்று தோழியர் கேட்கலாம். எழுத்து அச்சுக்கு ஏற்ற தாள் வேறு, வண்ணப் படத்துக்கு ஏற்ற தாள் வேறு. நுண்ணிய புள்ளிகளாக அச்சாகும் வண்ணப் படத்துக்கு வெண்களிமண் பூசிய ஆர்ட் பேப்பர் வேண்டும். ஆகவே படங்களைத் தனியே அச்சிட்டு, ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு படமாகக் கையால் ஒட்டினார்கள். நாங்கள் ஒரு நொடியில் இழுத்த படத்தை, யாரோ ஒரு தொழிலாளி கோணாமல், பசை வழியாமல் பொறுமையாக ஒட்டியிருந்தார். இதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பழைய படம் ஒன்றைப் பாருங்கள். சாதாரண வண்ண அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆகிய புள்ளிகள் கோலப் புள்ளிகளைப் போல வரிசையாகத் தெரியும். ‘கிராவூர்’ என்னும் முறையில் அச்சான பழைய புகைப்பட நூலில் இந்தப் புள்ளி வரிசை கண்ணில் படாது. அம்முறையில் செம்புத் தகட்டிலோ உருளையிலோ சிறு குழிகளைப் பொறிப்பார்கள். ஆழமான குழியில் மை மிகுதியாக நிற்கும். ஆழமில்லாத குழியில் குறைவாக நிற்கும். அதனால் இருட்டு நல்ல கரிய வெல்வெட்டுத் துணியைப் போலவும், வெளிச்சம் பாலாடையைப் போலவும் தாளில் படிகின்றன. இந்த முறையில் இன்று அச்சாகும் நூல்கள் மிகச் சிலவே. பழைய நூலைத் தேடுவதற்கு இதுவே போதிய காரணம்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். ஓவிய நூலில் இருப்பது ஓவியத்தின் நகல். மூலம் எங்கோ ஒரு கோயிலிலோ அருங்காட்சியகத்திலோ இருக்கும். புகைப்பட நூலின் கதை வேறு. படங்களை எந்த வரிசையில் வைப்பது, எதற்கு எதிரே எதை வைப்பது, எவ்வளவு மை வேண்டும் என்றெல்லாம் புகைப்படக் கலைஞர் பல நேரங்களில் தாமே முடிவு செய்கிறார். அப்போது அந்த நூலே மூலம் ஆகிவிடுகிறது. அதிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பது, நகலைக் கிழிப்பதாகாது.

புகைப்பட நூல்களின் வரலாறு ஒரு பெண்ணின் கையில் தொடங்கியது என்பது நம்மைப் போன்ற மாணவியருக்கு எவ்வளவு மகிழ்ச்சி! இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனா அட்கின்ஸ் என்ற அம்மையார், கடற்பாசிகளை ஒளிபடும் தாளின் மீது பரப்பி, சூரிய ஒளியில் வைத்து, நீல நிறப் பின்னணியில் வெண்ணிழலாக அவற்றின் உருவங்களைப் பதித்தார். ‘சயனோடைப்’ எனப்படும் இம்முறையை ஜான் ஹெர்ஷல் என்ற அறிஞர் கண்டுபிடித்தது 1842-இல். அடுத்த ஆண்டே, 1843-இல், அம்மையார் தம் நூலின் முதற் பகுதியை வெளியிட்டார். நூலின் எழுத்துகளையும் தம் கையாலேயே எழுதி, அவற்றையும் அதே முறையில் பதித்தார். பத்தாண்டுகள் உழைத்து முடித்த நூலை விற்பனைக்கு வைக்காமல், நண்பர்களுக்கும் அறிவியல் நிறுவனங்களுக்கும் அளித்தார். முன்னுரையின் கீழ் முழுப்பெயரைக்கூட இடாமல் ‘ஏ.ஏ.’ என்று மட்டும் எழுதினார். பிற்காலத்தில் அந்நூலைக் கண்ட ஒருவர், அவ்விரண்டு எழுத்துகளும் ‘பெயர் தெரியாத ஆர்வலர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் போலும் என்று எண்ணிவிட்டாராம்! புகைப்படங்களைக் கொண்ட முதல் நூலைச் செய்தவரின் பெயரே அவ்வளவு எளிதில் மறைந்துபோக இருந்தது. அந்நூலைப் போற்றி வைத்திருந்தவர்கள் இருந்ததால்தான் பெயர் மீண்டது.

கல்கத்தாவில் 1815-இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாருக்கு முதல் புகைப்படப் பெட்டி கிடைத்தபோது வயது 48. அது அவர் மகளும் மருமகனும் அளித்த பரிசு. டென்னிசன் என்ற ஆங்கிலக் கவிஞரின் கதைப்பாடல்களுக்காக இவர் எடுத்த படங்களைப் பதிப்பாளர் சிறிய மரச்செதுக்கு அச்சுகளாகச் சுருக்கி வெளியிட்டார். மனம் பொறாத அம்மையார், உண்மையான புகைப்படங்களையே ஒட்டிய பெரிய நூலைத் தாமே 1874-75 ஆண்டுகளில் வெளியிட்டார். 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், அங்கே தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879-இல் மலையகத்திலேயே மறைந்தார். அவர் இலங்கையில் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில.

அதே இலங்கையோடு தொடர்புடைய இன்னொரு நூலையும் குறிப்பிட வேண்டும். ஆனந்த குமாரசுவாமி எழுதிய மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல் 1908-இல் வெளிவந்தது. இவர் தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழ் மரபினர். கைவினையில் பேரன்பு கொண்ட வில்லியம் மாரிஸ் முன்பு பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில், இங்கிலாந்தில் 425 படிகள் மட்டுமே அச்சாயின. அந்நூலுக்குப் புகைப்படங்கள் எடுத்தவர் அவருடைய மனைவி எத்தெல். பின்னாளில் கைத்தறி நெசவில் பெரும்புகழ் பெற்றவர் இவர். ஊர் ஊராகச் சென்று கைவினைஞர்களையும் அவர்கள் செய்த பொருள்களையும் இவர் படமெடுக்காமல் இருந்திருந்தால், அந்தக் கைகள் செய்த வேலையை நாம் எப்படி அறிவோம்?

நம் மண்ணுக்கு வருவோம். லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவர் 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். மதுரை, தஞ்சை, திருச்சி, திருவரங்கம், புதுக்கோட்டை என்று கனமான கருவிகளோடு அலைந்து அவர் எடுத்த படங்கள், 1858-இல் தொகுப்பு நூல்களாக வெளிவந்தன. ஒவ்வொரு படமும் தனித்தனியே ஒளியில் பதித்து ஒட்டப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிச் செல்லும் கல்வெட்டுகளை வரிசையாகப் படம் எடுத்து, நீண்ட சுருளாக இணைத்தார். செலவு மிகுதி என்று சொல்லி 1860-இல் அரசு அந்தப் பணியையே நிறுத்திவிட்டது. ஆயினும் அந்தத் தாள்கள் நிலைத்துவிட்டன. 1858-இல் நம் கோயில்கள் எப்படி இருந்தன என்று அறிய விரும்பும் எவரும் அந்நூல்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

அருமையான நூல் என்றால் விலையுயர்ந்த நூல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1952-இல் வெளியிட்ட நூலில் 126 படங்கள். மேலட்டைக்கு ஓவியர் மத்தீஸ் வண்ணத்தாளை வெட்டிச் சித்திரம் அமைத்தார். உள்ளே மேலே சொன்ன கிராவூர் அச்சு. இன்று அதன் முதற் பதிப்பு நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாக் கனி. ராபர்ட் பிராங்க் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அமெரிக்காவை 1955-56 ஆண்டுகளில் சுற்றி 27,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் 83-ஐ மட்டும் பொறுக்கி வைத்த அவரது நூல் 1958-இல் பாரிசிலும், அடுத்த ஆண்டு நியூயார்க்கிலும் வெளிவந்தது. அமெரிக்காவைக் குறைகூறும் நூல் என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். இன்று அதைப் போற்றாத புகைப்படக் கலைஞர் இல்லை. அன்று விலை குறைவு, இன்று விலை மிகுதி. நூலோ அதே நூல். விலையை வைத்து மதிப்பை அளப்பது எவ்வளவு பேதைமை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. நியூயார்க்கில் 1955-இல் ‘மனிதக் குடும்பம்’ என்ற புகைப்படக் கண்காட்சி நடந்தது. 68 நாடுகளிலிருந்து 503 படங்கள் அதில் இடம்பெற்றன. பிறப்பும் இறப்பும், உழைப்பும் விளையாட்டும், அழுகையும் சிரிப்பும் உலகெங்கும் ஒன்றே என்று காட்டிய அந்தக் கண்காட்சியின் நூலை ஒரு டாலர் விலைக்குக் கொடுத்தார்கள். பல லட்சம் படிகள் விற்றன. அதனால் அது அரிய நூலன்று. பழைய புத்தகக் கடையில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கக்கூடியது. சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல முதல் நூல் எங்களுக்குத் தெரியவில்லை.

மலிவு என்பது தரக்குறைவன்று. வியன்னாவில் 1923-இல் தொடங்கப்பட்ட பைடன் பதிப்பகம், ஓவிய நூல்களை மாணவரும் வாங்கும் விலையில் கொடுக்க முயன்றது. 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது அதை நடத்திய யூதர்கள் இங்கிலாந்துக்குத் தப்பி வந்து, அங்கே பணியைத் தொடர்ந்தார்கள். கோம்பிரிச் எழுதிய கலை வரலாற்று நூலை 1950-இல் வெளியிட்டவர்களும் அவர்களே. நம் நாட்டில், பம்பாயிலிருந்து முல்க் ராஜ் ஆனந்த் 1946-இல் தொடங்கிய ‘மார்க்’ இதழின் பழைய படிகளும், 1954-இல் அமைந்த லலித் கலா அகாதெமி நம் ஓவியர்களைப் பற்றி வெளியிட்ட சிறு நூல்களும் இன்றும் நடைபாதைக் கடைகளில் தென்படுகின்றன. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலையும் வரை, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் ரஷிய அருங்காட்சியகங்களின் படத்தொகுப்புகள் நம்ப முடியாத குறைந்த விலையில் கிடைத்தன என்று எங்கள் பெற்றோர் சொல்கிறார்கள். அப்படி வாங்கிய ஒன்றிரண்டு உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கக்கூடும். ஏறிப் பாருங்கள்!

நிற்க. எங்கள் கத்தரிக்கோலின் பெரிய அண்ணன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஆடுபான் என்பவர் அமெரிக்கப் பறவைகளை உயிருருவ அளவில் வரைந்து, 1827 முதல் 1838 வரை வெளியிட்ட பெருநூலில் 435 படங்கள் உண்டு. இன்று முழுமையாக எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 120 படிகளே. பல படிகளை வணிகர்கள் தாள் தாளாகப் பிரித்து, சட்டம் போட்டு, வரவேற்பறைச் சுவருக்கு விற்றுவிட்டார்கள். முழு நூலாக விற்பதைவிடத் தாள்களாக விற்றால் இலாபம் என்ற கணக்கு எத்தனையோ நூல்களின் உயிரைக் குடித்திருக்கிறது. நாங்கள் செய்தது பரிசுக்காக. அவர்கள் செய்வது பணத்துக்காக. செயல் ஒன்றுதான். சட்டம் போட்ட பழைய நூற்படத்தை விரும்பி வாங்குபவர்களும் இதற்குத் துணைபோகிறார்கள் என்பதை நம் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

“கைப்பேசியில் எல்லாப் படமும் வருகிறதே, பழைய நூல் எதற்கு?” என்று கேட்பவர்களை நாங்கள் அறிவோம். நாங்களும் கைப்பேசியில் பார்ப்பவர்கள்தாம். அது தரும் வசதியை மறுக்கவில்லை. ஆனால் திரையில் ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறோம்? விரலை அசைத்தால் அடுத்தது. உள்ளங்கை அளவுத் திரையில் ஒரு சுவரோவியமும் ஒரு தபால்தலையும் ஒரே அளவாகிவிடுகின்றன. பெரிய நூலை மேசைமேல் கிடத்தி, இரு கைகளாலும் பக்கத்தைப் புரட்டும்போது, அவசரப்பட முடிவதில்லை. இடப்பக்கப் படமும் வலப்பக்கப் படமும் தமக்குள் பேசிக்கொள்வது அப்போதுதான் காதில் விழுகிறது. பழைய அச்சில் நிறம் தவறியிருக்கலாம் என்பதும் உண்மையே. ஆகவே இரண்டையும் வைத்து ஒப்பிடுவோம். ஒன்றுக்காக மற்றொன்றை எடைக்குப் போட வேண்டாம்.

“படிக்கிற பிள்ளைகளுக்கு இது வீண் செலவு” என்பது அடுத்த தடை. இதில் நியாயம் உண்டு. நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கும் வீடுகளிலிருந்து வருபவர்களே எங்களில் பெரும்பாலோர். அதனால்தான் விலையுயர்ந்த முதற் பதிப்புகளை நாடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மேலே சொன்ன 1952-ஆம் ஆண்டு நூல் 2014-இல் அதே வடிவில் மறுபதிப்பாக வந்திருக்கிறது. மறுபதிப்பை வைத்திருப்பவரைத் தாழ்வாக எண்ணுவது வெறும் பகட்டு. வாங்க முடியாதவர்கள் நூலகத்தில் பார்க்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு பழைய நூல் போதும். அதை நூறு முறை பார்த்தவள், நூறு நூல்களைப் பூட்டி வைத்தவளைவிடச் செல்வம் உடையவள்.

பணமில்லாதவரும் பெருஞ்செயல் செய்யலாம் என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா சான்று. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் அவர். பழைய புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பிறர் குப்பை என்று எறிந்த துண்டு அறிக்கை, நாடக நோட்டீசு, அழைப்பிதழ் ஆகியவற்றையும் விட்டு வைக்கவில்லை. 1992-இல் அவர் மறைந்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கி, தமிழ்நாட்டை விட்டு அகற்றாமல், 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் அமைய உதவியது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் அங்கே செல்கிறார்கள். எடைக்கு வாங்கும் கடைக்காரருக்கும் வரலாற்றுக்கும் இடையே ஒரு பெயர்ப்பலகை ஓவியர் நின்றிருக்கிறார்!

அப்படி ஒருவரும் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையே சான்று. சென்ட்ரல் இரயில் நிலையத்தின் அருகே 1900-இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய புத்தகப் பிரியர்களின் திருவிழாத் தலமாக விளங்கியது. 1985 மே 30 அன்று அது தீக்கிரையாயிற்று. கடைகள் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. ஆனால் அன்று எரிந்த நூல்கள் என்னென்ன என்று எழுதி வைத்தவர் யார்? நெருப்பு ஒரு நாளில் செய்ததை, நம் வீடுகளில் ஈரமும் இராமபாணப் பூச்சியும் கத்தரிக்கோலும் மெல்ல மெல்லச் செய்கின்றன.

ஆகவே, நாங்கள் பட்டு அறிந்த சிலவற்றைத் தோழியருக்குச் சொல்கிறோம். வாங்குமுன் படப் பட்டியலைப் பார்த்து எண்ணுங்கள். குறைந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் குறை நூல் என்று ஒதுக்காதீர்கள். பெயர் எழுதப் பென்சில் போதும், பேனா வேண்டாம். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளித்துத் தாளையும் தின்றுவிடும். கனமான நூலை நிற்க வைத்தால் உள்தாள்கள் தொங்கிப் பைண்டிங் விட்டுப்போகும், படுக்க வையுங்கள். ஆர்ட் பேப்பருக்கு ஈரம் பெரும்பகை. நனைந்த பக்கங்கள் ஒட்டியபடியே உலர்ந்தால் பிறகு எவராலும் பிரிக்க முடியாது. உலருமுன்பே பக்கங்களுக்கு இடையே தாள் வைத்துப் பிரித்துவிட வேண்டும். மேலுறை கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். அதுவும் நூலின் அங்கமே. முன்பு வைத்திருந்தவர் எழுதிய பெயரையும் தேதியையும் அழிக்காதீர்கள். அந்த நூல் நடந்து வந்த பாதை அது.

இன்னொன்று மிக முக்கியம். நூலில் ஏதேனும் ஒரு நூலகத்தின் முத்திரை இருந்து, அந்நூலகம் கழித்துவிட்டதாகக் குறிப்பு இல்லையென்றால், அதை வாங்க வேண்டாம். அது பலருக்கு உரிய பொருள். யாரோ திருப்பித் தர மறந்தது, அல்லது எடுத்துச் சென்றது. எவ்வளவு அரிய நூலாயினும் அதைச் சேர்ப்பதற்கு வேறு பெயர் உண்டு. அப்பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பழைய பேப்பர்காரர் வாசலில் குரல் கொடுக்கும்போது, படமுள்ள பழைய நூல்களை ஒருமுறை எங்கள் கண்ணில் காட்டிவிட்டு எடைக்குப் போடுங்கள். நாங்கள் வேண்டாம் என்று சொன்னால் தாராளமாகப் போடலாம்.

அருட்சகோதரியருக்கும் ஒரு விண்ணப்பம். நூலகத்தில் இடம் போதவில்லை, ஆண்டுதோறும் பழைய நூல்களைக் கழிக்கத்தான் வேண்டும் என்பதை அறிவோம். ஆனால் ஓவிய, புகைப்பட நூல்களைக் கழிக்குமுன், மேல்வகுப்பு மாணவியரிடம் பட்டியலைக் காட்டக் கூடாதா? அவற்றுக்கென்று ஒரே ஓர் அலமாரித் தட்டும், வாரத்தில் ஒரு பாடவேளையும், அகலமான ஒரு மேசையும் கிடைத்தால் போதும். தூசி துடைக்கவும், தாள் வைக்கவும், பட்டியல் எழுதவும் நாங்கள் தயார். கண்காட்சிக்குப் படம் வேண்டுமென்றால் நகல் எடுத்துக்கொள்கிறோம். அல்லது பார்த்து வரைகிறோம். வரைந்தால் கையும் தேறும்.

நாங்கள் இந்த ஆண்டோடு பள்ளியை விட்டுச் செல்கிறோம். எங்கள் நூல் நூலகத்தில் இருக்கிறது. 21 படங்கள் தாளிலும் 3 படங்கள் உறையிலுமாக, 24 பேரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். தங்கைமாரே, ஓய்வுநேரத்தில் அதை எடுத்துப் பாருங்கள். கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு பாருங்கள். உறையையும் திறந்து, கிழிந்த படத்தையும் பாருங்கள். அடுத்த கண்காட்சிக்காகக் கத்தரிக்கோலை எடுக்கும்போது, அது உங்கள் நினைவுக்கு வரட்டும்.